பட்டியலில் இல்லாத பத்தி

"உங்கள் வகுப்பு மாணவியரின் சராசரி உயரம் ஆறு கிலோமீட்டருக்கும் மேல்!"

இப்படி ஒரு விடையைக் கணினி தந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? நாங்களும் சிரித்தோம். எவரெஸ்ட் சிகரத்தின் உயரமே ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு உயரத்திற்கு, இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக நாங்கள் வளர்ந்து நின்றால், காரைக்குடியில் எந்தப் பெரிய வீட்டு நிலைவாசலில்தான் நுழைய முடியும்? கணினிக் கூடமே அதிரும்படி நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, சிஸ்டர் அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "சிரிப்பு வந்ததால் இந்தத் தவற்றைக் கண்டுகொண்டீர்கள். சிரிப்பு வராத தவறுகள் எத்தனை செய்திருக்கிறீர்களோ?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பல நாள் மனத்தில் போட்டுப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

நடந்தது இதுதான். புள்ளியியல் பாடத்தில் சராசரியும் திட்ட விலக்கமும் படித்த சூட்டோடு, எங்கள் வகுப்பைப் பற்றி நாங்களே ஓர் அட்டவணை தயாரித்தோம். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு வரிசை. அவளைப் பற்றிய ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பத்தி. வரிசை எண், பெயர், ஊர், உயரம், எடை, தந்தையின் தொழில், பாட மதிப்பெண்கள் என்று பத்திகள் நீண்டன. அதை 'ஆர்' என்னும் புள்ளியியல் கணினி மொழியில் ஏற்றினோம். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990-களில் உருவாக்கிய மொழி அது. இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மொழிக்கும் அந்த எழுத்தே பெயராயிற்று. காசு கொடுக்காமல் எவரும் பயன்படுத்தலாம் என்பதால் உலகெங்கும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அது புழங்குகிறது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்குவதைக் கணக்குப் புத்தகம் 'நிரல்' என்கிறது. கணினிப் புத்தகம் 'நெடுவரிசை' என்கிறது. பேரேடு எழுதிப் பழகிய எங்கள் ஊர்ப் பெரியவர்களோ 'வரவுப் பத்தி, செலவுப் பத்தி' என்பார்கள். அந்தச் சொல் நாவுக்கு இதமாக இருப்பதால் நாங்களும் பத்தி என்றே சொல்கிறோம்.

நூறு பத்திகள் இருந்தாலும் ஒரு கேள்விக்கு இரண்டோ மூன்றோ பத்திகள்தாம் தேவைப்படும். ஆகவே அட்டவணையிலிருந்து வேண்டிய பத்திகளைப் பிரித்தெடுப்பதே முதல் வேலை. அதற்கு 'ஆர்' மொழியில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, எண்ணால் அழைப்பது: "நான்காம் பத்தியைக் கொடு." மற்றொன்று, பெயரால் அழைப்பது: "உயரம் என்னும் பத்தியைக் கொடு." எண்ணால் அழைப்பது எளிது, விரல்களுக்கு வேலை குறைவு. சோம்பல் காரணமாக நாங்கள் எண்ணையே எழுதி வைத்தோம். சில நாள் கழித்து எங்கள் வகுப்புத் தலைவி, நல்ல எண்ணத்தோடு, ஊர்ப் பத்திக்கு அடுத்ததாக அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்தாள். உயரம் ஐந்தாம் இடத்துக்குப் போய்விட்டது. நான்காம் இடத்தில் 630 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்கள் வந்து அமர்ந்துகொண்டன. கணினி சொன்ன சொல் தவறாத பிள்ளையல்லவா? நான்காம் பத்தியைச் சராசரி எடுத்து, 'ஆறு லட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சம் சென்டிமீட்டர்' என்று பணிவோடு சொல்லிவிட்டது.

இதில் நாங்கள் கற்ற பாடம் சிறிதன்று. அட்டவணையில் இல்லாத பெயர் ஒன்றைக் கட்டளையின் சதுர அடைப்புக்குள் எழுதிப் பத்தியைக் கேட்டால், "அப்படி ஒரு பத்தி இங்கு இல்லை" என்று கணினி மறுத்துவிடும். ஆனால் இருக்கின்ற எண்களுக்குள் தவறான ஓர் எண்ணைச் சொன்னால் மறுக்காது. எதையோ எடுத்துக் கொடுத்துவிடும். தவறான பெயர் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. தவறான எண் நம்மைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. போதாக்குறைக்கு, 'ஆர்' மொழி பத்திகளை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. 'பைதான்' மொழியோ சுழியிலிருந்து எண்ணுகிறது. ஒன்றைக் கற்றுவிட்டு மற்றொன்றுக்குப் போகிறவர் ஒரு பத்தி தள்ளி எடுத்துவிட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது!

உயரத்துக்குப் பதில் அஞ்சல் குறியீடு வந்ததால் நாங்கள் தப்பினோம். தமிழ் மதிப்பெண்ணுக்குப் பதில் ஆங்கில மதிப்பெண் வந்திருந்தால்? இரண்டும் நூற்றுக்குள் இருக்கும் எண்களே. யாருக்கும் ஐயம் தோன்றியிராது. தமிழில் தேர்ந்தவளைப் பின்தங்கியவள் என்று எழுதி ஒட்டியிருப்போம். சிஸ்டர் சொன்ன சிரிப்பு வராத தவறு அதுதான்.

இது சிறுபிள்ளைகளுக்கு மட்டும் நேரும் பிழை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங் என்னும் புகழ்பெற்ற அறிவியலார், உயிரணுச் சவ்வில் இருக்கும் சில புரதங்களின் வடிவத்தைக் கண்டு 2001 முதல் கட்டுரைகள் வெளியிட்டார். மருந்துகளையே உயிரணுவிலிருந்து வெளியே தள்ளிவிடும் புரதங்கள் அவை. ஆதலால் மருத்துவ உலகம் அவற்றை ஆவலோடு படித்தது. 2006-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் வடிவத்தை வெளியிட்டனர். இரண்டும் ஒத்துப்போகவில்லை. சாங் தம் கணக்குகளை மீண்டும் தோண்டிப் பார்த்தார். ஆய்வகத்தில் பயன்படுத்திய கணினிக் கட்டளைத் தொடர் ஒன்று, தரவில் இரண்டு பத்திகளை இடம் மாற்றியிருந்தது! கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தெரிவதுபோல் புரதத்தின் வடிவமே தலைகீழாகிவிட்டிருந்தது. ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை அவர் திரும்பப் பெற நேர்ந்தது. பல ஆண்டு உழைப்பு, இரண்டு பத்திகளால் வீணாயிற்று. ஆயினும் தவற்றை உலகறிய அவரே ஒப்புக்கொண்டாரே, அந்த நேர்மையை நாங்கள் வணங்குகிறோம். பாவசங்கீர்த்தனம் கோயிலில் மட்டும் செய்வதன்று போலும்!

எனவே பத்தியைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கட்டளைகளையெல்லாம் திருத்தி எழுதினோம். இனித் தவறே வராது என்று மார்தட்டினோம். அதற்கு அடுத்த வாரம்தான் மிகப் பெரிய தவறு எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் வகுப்பில் நாங்கள் 46 பேர். அட்டவணையிலிருந்து நாங்கள் எடுத்த சுருக்கத்தில் 43 பேரே இருந்தனர். எண்ணிப் பார்த்தவள் எங்கள் தோழி ஒருத்தி. "நான் எங்கேடி?" என்று கேட்டாள். தேடினோம். அவள் பெயர் இல்லை. இன்னும் இருவர் பெயரும் இல்லை.

காரணம் புரியச் சற்று நேரமாயிற்று. அட்டவணையில் ஓரிடம் வெறுமையாக இருந்தால் 'ஆர்' மொழி அதைத் 'தரவு இல்லை' என்று குறித்துக்கொள்கிறது. அப்படி ஒரு வெற்றிடம் இருக்கும் பத்திக்குச் சராசரி கேட்டால், விடையும் 'தரவு இல்லை' என்றே வரும். இந்தத் தொல்லையை நீக்க, வெற்றிடம் உள்ள வரிசைகளை அடியோடு அகற்றிவிடும் கட்டளை ஒன்று உண்டு. பலரும் செய்வதைப் போல நாங்களும் அதைக் கையாண்டோம். நாங்கள் தேர்ந்தெடுத்த பத்திகளுள் 'தந்தையின் தொழில்' என்பதும் ஒன்று. எங்கள் தோழிக்குத் தந்தை இல்லை. அவள் அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு பத்தியில் இருந்த ஒரு வெற்றிடத்துக்காக, கணினி அவளையே வகுப்பிலிருந்து நீக்கிவிட்டது.

அவளுடைய அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவைக் கரைத்து, அடுப்பு மூட்டி, இட்லிக் கடை நடத்தி அவளையும் அவள் தம்பியையும் படிக்க வைக்கிறார்கள். அதை எழுத எங்கள் அட்டவணையில் இடமே இல்லை. ஏனெனில், 'தாயின் தொழில்' என்று ஒரு பத்தியை நாங்கள் வைக்கவே இல்லை. படிவத்தைத் தயாரித்தது பெரியவர்கள் அல்லர். வேறு யாரும் அல்லர். 46 பெண்கள் சேர்ந்து, ஒரு பெண்ணுக்கும் தன் தாய் நினைவுக்கு வராமல், தயாரித்த படிவம் அது. இதை எழுதும்போதும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அவசர அவசரமாக அந்தப் பத்தியைச் சேர்த்தோம். அப்போதாவது சரியாயிற்றா? பெரும்பாலோர் எழுதிய பதில் என்ன தெரியுமா? "ஒன்றும் இல்லை", "வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள்." காலையில் அந்த 'சும்மா' இருக்கும் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பாத்திரத்தை மேசையடியில் வைத்துக்கொண்டேதான் அப்படி எழுதினோம்!

இந்தத் தவற்றை எங்களுக்கு முன்பே பெரிய பெரிய அட்டவணைகள் செய்திருக்கின்றன என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தோம். இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் மக்களைக் கணக்கெடுக்கும் முறை 1881-இல் தொடங்கியது. பத்தாண்டுக்கு ஒரு முறை எழுதப்பட்டு வந்த அந்தக் கணக்கெடுப்பை நாட்டின் மிகப் பெரிய அட்டவணை எனலாம். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பருவகால வேலையில் பெரும்பகுதி நாட்கள் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தவரும் தொழிலாளர் என்று எழுதப்பட்டார். 1971-இல் வரையறை மாறியது. ஒருவர் பெரும்பாலான நேரத்தை எதில் செலவிடுகிறார் என்பதே முதல் கேள்வி ஆயிற்று. காலையில் சமைத்து, நண்பகலில் வயலில் களை பறித்து, மாலையில் மாட்டைக் கவனித்த பெண், முதன்மையாக 'வீட்டு வேலை' செய்பவள் என்னும் பத்திக்குப் போய்விட்டாள். பெண் தொழிலாளரின் எண்ணிக்கை பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோயிற்று! நாட்டின் பாதி உழைக்கும் பெண்கள் திடீரென்று ஓய்வெடுக்கப் போய்விட்டார்களா? வயலும் மாறவில்லை, கையும் மாறவில்லை. பத்தியின் தலைப்புத்தான் மாறியது.

குறை உணரப்பட்டது. 1981-இல் ஆண்டில் 183 நாளுக்குக் குறையாமல் உழைத்தோர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைவாக உழைத்தோர் குறுநிலைத் தொழிலாளர் என்று இரண்டு பத்திகள் வந்தன. 1991-இல், நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றி உழைப்பதும் வேலையே என்று கேள்வியிலேயே எழுதிச் சேர்த்தனர். ஒரே ஒரு தொடரைச் சேர்த்ததால் எத்தனையோ பெண்கள் தங்கள் வேலையைச் சொல்ல வழி பிறந்தது.

ஆயினும், வீட்டைக் காக்கும் பெண்கள் 'வேலை செய்யாதோர்' என்னும் வகையிலேயே இருந்தனர். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, இல்லத்தரசியரைப் பிச்சையெடுப்போர், சிறைக் கைதிகள் முதலானோரோடு ஒரே வகையில் வைத்ததை நம் நாட்டு உச்ச நீதிமன்றமே 2010-இல் ஒரு தீர்ப்பில் வன்மையாகக் கண்டித்தது. 2023-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கணவர் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்ப, மனைவி ஊரில் குடும்பத்தைக் காத்த ஒரு வழக்கில், வீட்டைக் காத்ததும் சொத்தைச் சேர்த்ததில் பங்குதான், ஆகவே அவருக்கும் சம உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் ஊர் நினைவே வந்தது. நகரத்தார் பெருமக்கள் ஒரு காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை நடத்தினார்கள். அவர்கள் கணக்கு எழுதும் திறமையை உலகமே மெச்சியது. காசுக்குக் காசு பேரேட்டில் பத்தி உண்டு. முடிவில் ஐந்தொகை சரியாக நிற்கும். செட்டியார் ரங்கூனில் இருந்த ஆண்டுகளில் இங்கே அந்தப் பெரிய வீட்டை நிருவகித்து, பிள்ளைகளை வளர்த்து, முதியோரைப் பேணி, உற்றார் உறவினரின் நல்லது கெட்டதுக்கு நின்ற ஆச்சியின் உழைப்பு எந்தப் பேரேட்டில் எந்தப் பத்தியில் எழுதப்பட்டது? இன்று ரங்கூனுக்குப் பதில் சிங்கப்பூர், துபாய் என்று பெயர்கள் மாறியிருக்கின்றன. பத்தி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறியில் அமர்ந்து நெய்பவரை நாம் அறிவோம். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து நூல் சுற்றிக் கொடுக்கும் கைகளை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பத்தி ஒன்று புதிதாகத் திறந்தால் என்ன தெரியவரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகின்றனர் என்று அறிய, 1998-99-இல் ஆறு மாநிலங்களில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு 2019-இல் நாடு முழுவதும் அத்தகைய ஆய்வு நடத்தப்பட்டது. கூலி இல்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண், அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதில் செலவிட்டாள். அவ்வாறு ஈடுபட்ட ஆண் 97 நிமிடங்கள் செலவிட்டான். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! பள்ளியில் ஏழு பாடவேளை அமர்ந்திருந்தாலே களைத்துப்போகிறோம். "சும்மா" என்னும் சொல்லுக்குள் ஐந்து மணி நேரம் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு பத்தி தேவைப்பட்டது, அவ்வளவே.

இருக்கின்ற பத்திகளுள் எதை எடுக்கிறோம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்னும் பத்தியைப் பாருங்கள். 1991-இல் 927, 2001-இல் 933, 2011-இல் 943. ஏறுமுகம், கைதட்டத் தோன்றும். எங்கள் சிவகங்கை மாவட்டத்திலோ 2011-இல் 1,003, பெருமையே வரும். ஆனால் அதே கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் தனிப் பத்தி இருக்கிறது. நாடு முழுவதற்கும் அதில் 1991-இல் 945, 2001-இல் 927, 2011-இல் 920-க்கும் கீழே. இது இறங்குமுகம்! முதல் பத்தியை மட்டும் எடுத்துப் பேசுகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பிறக்காமலே போன தங்கைகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் நாம் ஞாயிறு தோறும் கேட்கும் நற்செய்தியையும் நினைத்துப் பார்க்கலாம். அப்பங்களைப் பலுகச் செய்த புதுமையை நற்செய்தியாளர் நால்வரும் எழுதியிருக்கின்றனர். உண்டவர்கள் ஐயாயிரம் ஆண்கள் என்பதே எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு. பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதை மத்தேயு மட்டுமே வெளிப்படையாகக் குறிக்கிறார். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஒரு சிறுவனிடம் இருந்தன என்பதை யோவான் மட்டுமே சொல்கிறார். ஒரே நிகழ்ச்சியை எழுதிய நால்வரும் வெவ்வேறு செய்திகளைத் தேர்ந்தெடுத்தார்கள். யோவான் அந்த ஒரு செய்தியை விட்டிருந்தால், அந்தச் சிறுவனை நாம் அறிந்தே இருக்க மாட்டோம். எண்ணியவர்கள் ஆண்களை மட்டும் எண்ணினார்கள். ஆண்டவரோ எண்ணாமல் எல்லாருக்கும் பரிமாறினார். நாமோ இரண்டாயிரம் ஆண்டாக 'ஐயாயிரம் பேர்' என்றே சொல்லி வருகிறோம்.

"அப்படியானால் எல்லாப் பத்திகளையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? எதற்குத் தேர்வு?" என்று எங்கள் வகுப்பிலேயே ஒரு சாரார் வாதிட்டனர். அதை நாங்கள் ஏற்கவில்லை. நூறு பத்திகளையும் ஒன்றாக விரித்து வைத்தால் எதுவும் கண்ணில் படாது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தது போல் ஆகிவிடும். அன்றியும், எடுக்கவே கூடாத பத்திகளும் உண்டு. உயரத்தைப் பற்றிய ஓர் அட்டவணையைச் சுவரில் ஒட்டும்போது, ஒருத்தியின் எடையையும், அவள் வீட்டு வருமானத்தையும், அவளுக்கு இருக்கும் நோயையும் எதற்காக ஒட்ட வேண்டும்? 2023-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தோழியின் தகவல் தோழியின் உடைமை. ஆகையால் தேர்வு தேவைதான். அந்தத் தேர்வை அறிந்து செய்ய வேண்டும், அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இதற்காக எங்கள் கணினிக் கூடத்தில் நாங்களே நான்கு விதிகளை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

முதலாவது, பத்தியைப் பெயரால் அழைக்க வேண்டும். இரண்டாவது, மூல அட்டவணையில் கை வைக்கக் கூடாது. வேண்டிய பத்திகளை வேறொரு பெயரில் படி எடுத்துக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுத்ததை அதே பெயரில் எழுதிவிட்டால், விட்ட பத்திகள் கணினியின் நினைவிலிருந்து மறைந்துவிடும். மூன்றாவது, எந்தப் பத்திகளை விட்டோம், ஏன் விட்டோம், எத்தனை வரிசைகள் நீங்கின என்று அட்டவணையின் அடியிலேயே எழுத வேண்டும். 46 பேரில் 43 பேர் என்று ஒரு வரி எழுதியிருந்தால், எங்கள் தோழி தன்னைத்தானே தேடி அலைந்திருக்க மாட்டாள். நான்காவது விதியே எல்லாவற்றிலும் கடினமானது. தேர்ந்தெடுக்கத் தொடங்குமுன், இந்த அட்டவணையில் இல்லவே இல்லாத பத்தி எது, அதனால் காணாமற்போனவர் யார் என்று கேட்க வேண்டும். முதல் மூன்று விதிகளை மீறினால் கண்டுபிடித்துவிடலாம். நான்காவதை மீறினால் எந்தக் கணினியும் நமக்குச் சொல்லாது. இல்லாத பத்தியைப் பற்றிக் கணினிக்கு எப்படித் தெரியும்? அதை மனிதர்தாம் கேட்க வேண்டும்.

பத்தி என்றால் அற்பம் என்று எண்ணுவோர் நாட்டு நடப்பைக் கவனிக்கட்டும். 1931-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணுவது விடப்பட்டது. அந்த ஒரு பத்தி வேண்டுமா, வேண்டாமா என்று நாடே பல ஆண்டுகள் வாதிட்டது. அடுத்த கணக்கெடுப்பில் அது இடம்பெறும் என்று 2025-இல் அரசு அறிவித்தது. 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு அக்கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளிவந்தது. அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்லும் வயது எங்களுக்கு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் எங்களால் இயலும். எந்தக் கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்து "அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டாலும், "சும்மாதான் இருக்கிறார்கள்" என்று சொல்லாதிருக்க இயலும். மாடு கறந்தால் மாடு கறப்பதைச் சொல்லலாம். நூல் சுற்றினால் அதைச் சொல்லலாம். கடையில் கணக்குப் பார்த்தால் அதையும் சொல்லலாம். பத்தி இருந்தும் நாம் அதை வெறுமையாக விட்டால், பிழை அட்டவணையின் பிழையன்று, நம்முடையதே.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் பலர் மருத்துவராகவும் ஆசிரியையாகவும் அதிகாரியாகவும் ஆவோம். அப்போது நம் மேசைமேல் படிவங்களும் அட்டவணைகளும் குவியும். எந்தப் பத்தி வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் பேனா நம் கையில் இருக்கும். அன்று, ஒரு வெற்றிடத்துக்காக வகுப்பிலிருந்தே நீக்கப்பட்ட எங்கள் தோழியின் முகம் நம் நினைவுக்கு வரட்டும்.

எங்கள் அட்டவணையைத் திருத்தி எழுதி முடித்துவிட்டோம். 'தந்தையின் தொழில்' என்னும் பத்தியை எடுத்துவிட்டு, 'வீட்டில் உழைப்போர்' என்று எழுதினோம். அதில் எத்தனை பேரையும் குறிக்கலாம். அதை நிரப்புமுன் ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய், அம்மாவின் ஒரு நாளை விடியல் முதல் இரவு வரை கூடவே இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. இப்போது அந்தப் பத்தியில் 'சும்மா' என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. எங்கள் தோழியின் வரிசையில், அவள் கையாலேயே, "அம்மா – சொந்த இட்லிக் கடை" என்று எழுதியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தோம். 46 பேரும் இருக்கிறோம்.